கடைசி ரீல்

வேலூரிலிருந்து அமிர்திக்குப் போகிற பேருந்தில் பக்கத்து இருக்கைப் பையன் கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டு வந்தான். கணியம்பாடியில் பெரிய சாலையை விட்டுத் திரும்பியதும் ஜவ்வாது மலை கண்ணுக்கு நேரே வந்துவிடும். அவன் தலை நிமிரவில்லை. மலை நெருங்க நெருங்கப் படம் திணறத் தொடங்கியது. திரை நடுவில் வட்டம் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. அமிர்தி வந்து சேர்வதற்குள் சிக்னல் அடியோடு போய்விட்டது. இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கி என்று கீழே எண் காட்டியது. அவன் அலட்டிக்கொள்ளாமல் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"முடிவு பாக்கியிருக்கேப்பா?"

"க்ளைமாக்ஸ் மொக்கைன்னு சொல்லிட்டாங்க அங்கிள். பாக்கலைன்னாலும் ஒண்ணும் இல்ல."

இறங்கிப் போய்விட்டான். என் சித்தப்பாவுக்கும் ஒரு படத்தின் கடைசிப் பத்து நிமிடம் இதே மலையடிவாரத்தில்தான் போயிற்று. அவர் அதை ஆயுள் முழுக்க விடவில்லை. அந்தக் கதை பிறகு.

அந்த நாளில் அடிவாரத்து ஊர்களுக்குச் சினிமா என்றால் டெண்டுக் கொட்டாய்தான். வெளிச்சம் இருக்கிறவரை திரையில் ஒன்றும் தெரியாது என்பதால் பகலாட்டம் கிடையாது. பொழுது சாய்ந்ததும் குழாய் ஸ்பீக்கரில் சாமிப் பாட்டு போடுவார்கள். அது காற்றில் வந்தால் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு ஓட வேண்டியதுதான். தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்பு. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவது ஒரு கலை. பின்னால் இருப்பவன் அதைக் காலால் தட்டிக் கலைப்பது அதைவிடப் பெரிய கலை. புரொஜெக்டர் ஒன்றே ஒன்று என்பதால் ரீல் தீரும்போதெல்லாம் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை, அத்தனைக்கும் முறுக்கு, சுண்டல்.

பட்டணத்தில் ஓடி, வேலூரில் ஓடி, ஆரணி பக்கம் ஓடி, எல்லோரும் பார்த்துச் சலித்த பிறகுதான் படப்பெட்டி எங்கள் பக்கம் வரும். பிலிம் சுருளில் நடுப்பகுதி அவ்வளவு சீக்கிரம் கெடாது. தொடக்கமும் முடிவும்தான் தேயும். மாட்டுகிறபோதும் கழற்றுகிறபோதும் கை படுவது அங்கேதான். அறுந்தால் ஆபரேட்டர் நாலு கட்டத்தை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவார். அப்படி வெட்டி வெட்டி, எங்களுக்கு வரும்போது கடைசி ரீலின் வால் பாதியாகியிருக்கும். மிஞ்சியிருப்பதிலும் கோடு கோடாக மழை பெய்யும். கதாநாயகன் கை ஓங்குவான். அடுத்த கணம் கல்யாணக் கோலத்தில் நிற்பான். நடுவே என்ன நடந்தது என்பது பட்டணத்துக்காரனுக்கே வெளிச்சம். அப்புறம் 'சுபம்', இல்லையென்றால் 'வணக்கம்'.

இரண்டாம் ஆட்டம் விட நடுச்சாமம் தாண்டிவிடும். மலையில் வாழ்கிற மலையாளிச் சனங்களில் சந்தைக்குச் சாமையும் புளியும் கொண்டுவந்தவர்கள் சிலர் படமும் பார்த்துவிட்டு விடியுமுன் ஏறத் தொடங்குவார்கள். கரடி பயம் உண்டு. அதனால் கூட்டமாகத்தான் நடை. கையில் சூள், வாயில் பேச்சு. பேச்சு பெரும்பாலும் முடிவைப் பற்றித்தான். கடைசியாகப் பார்த்தது அதுதானே. அறுந்துபோன இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். "அவ அப்பன் மனசு மாறினான், அதனாலதான் தாலிய எடுத்துக் குடுத்தான்" என்பார் ஒருவர். "ஏன் மாறினான், நீ பார்த்தியா?" என்பார் இன்னொருவர். மூன்று மைல் நடப்பதற்குள் அந்தப் படத்துக்கு மூன்று முடிவு வந்துவிடும்.

இந்தப் பழக்கம் சினிமாவில் தொடங்கியதில்லை. பழைய வட ஆற்காடு கூத்து மண். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கர்ண மோட்சத்தன்று கூட்டம் இரட்டிப்பாக இருக்கும். கர்ணன் சாகப்போகிறான் என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும், விடியற்காலம் மூன்று மணிக்குத் தூங்குகிற பிள்ளையை உலுக்கி எழுப்புவார்கள்: "எழுந்திருடா, கர்ணன் விழப்போறான்." கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையைப் பிளப்பான், பாஞ்சாலி கூந்தலை முடிவாள், சாயங்காலம் தீமிதி. பதினெட்டு நாள் கேட்ட கதைக்கு முடிவு இப்படித்தான் என்று முதல் நாளே தெரியும். 'சப்பென்று முடித்துவிட்டார்கள்' என்று ஒருவரும் வீட்டுக்குப் போனதாக நான் கேட்டதில்லை. சாவு சோகம்தான், ஏமாற்றம் இல்லை. இரண்டும் வேறு வேறு என்பதைக் கூத்து பார்த்த சனம் நன்றாக அறியும்.

எம்.ஜி.ஆர். படம் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் வந்த 'மதுரை வீரன்' கடைசியில் அவர் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறார். படம் நூறு நாளைத் தாண்டி ஓடியது. 1962இல் வந்த 'பாசம்' கடைசியிலும் அவர் சாகிறார். ரசிகர்கள் ஏற்கவில்லை, படம் விழுந்தது. எம்.ஜி.ஆர். செத்தால் படம் ஓடாது என்று சினிமா உலகம் இதிலிருந்து ஒரு விதி எழுதிக்கொண்டது. எனக்கு அது அரைகுறை விதி என்றே படுகிறது. மதுரை வீரன் எங்கள் ஊர் எல்லையில் கத்தியோடு நிற்கிற சாமி. அவன் எப்படிச் செத்தான் என்பது பூசாரி வாயால் வருஷா வருஷம் கேட்டது. செத்ததால்தான் அவன் சாமியானான். கொட்டாயில் அவன் விழும்போது பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள் என்று என் பாட்டி சொல்வாள். 'பாசம்' படத்து நாயகன் யாருக்கும் சாமி இல்லை. அவன் சாவான் என்று கதை யாரையும் தயார் செய்யவும் இல்லை. பாதி ராத்திரியில் மூன்று மணி நேரம் விசிலடித்துவிட்டு, பிணத்தோடு வீட்டுக்கு நடக்கச் சொன்னால் எவன் நடப்பான்?

கர்ணன் கதை இன்னும் வேடிக்கை. 1964இல் பந்துலு 'கர்ணன்' எடுத்தபோது சிவாஜி, என்.டி.ராமராவ் என்று அத்தனை பேர் இருந்தும் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. அதே படத்தை 2012இல் மெருகேற்றி மறுபடி திரையிட்டபோது சென்னையில் நூறு நாள் தாண்டியது. முடிவில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பார்க்க வந்தவர்கள்தான் மாறியிருந்தார்கள். நடுவே 1991இல் அதே கதையை வைத்து 'தளபதி' வந்தது. அதில் கர்ணன் பிழைத்துக்கொள்கிறான், துரியோதனன் சாகிறான், தாய் மூத்த மகனோடு தங்கிவிடுகிறாள். எனக்கு உயிரான படம். ஆனாலும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அந்தக் கடைசிப் பகுதியில் ஏதோ அவசரம் தெரிகிறது. கூத்து பார்த்து வளர்ந்த குறையோ என்னவோ, கர்ணன் விழாமல் விடிந்தால் மனசு ஒப்பவில்லை.

முடிவைத் தீர்மானிப்பது கதை சொல்கிறவன் மட்டுமில்லை என்பதும் பழைய சங்கதிதான். கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை வாரா வாரம் எழுதி முடித்ததும், சட்டென்று முடித்துவிட்டீர்களே என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். அவர் முடிவுரை ஒன்று எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சினிமாவிலோ வாசகருக்கு முன்னால் சென்சார் வந்துவிடும். 'ஷோலே' 1975 ஆகஸ்டில் வெளியாவதற்கு முன், கையிழந்த தாக்கூர் கப்பர் சிங்கைக் காலால் மிதித்தே கொல்வதாகத்தான் எடுத்திருந்தார்கள். அது அவசரநிலைக் காலம். சட்டத்தைத் தனி மனிதன் கையிலெடுக்கக் கூடாது என்று தணிக்கையில் சொல்ல, கடைசி நிமிடத்தில் போலீஸ் வந்து பிடித்துப்போவதாக மாற்றினார்கள். மூன்று மணி நேரம் நாடே காத்திருந்த பழி, ஒரு காக்கிச் சட்டைக்காரரின் புத்திமதியில் முடிந்தது. நம் பழைய படங்களிலும் சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு ஜீப்பில் வந்து 'யூ ஆர் அண்டர் அரெஸ்ட்' சொல்கிற போலீஸைப் பார்த்துச் சிரித்தோமே, அவர் பாவம் வேண்டுமென்று தாமதமாக வரவில்லை. 'ஷோலே'யின் அசல் முடிவை நல்ல நிலையில் மீட்டு 2025இல் இத்தாலியின் பொலோன்யா நகரத் திரைவிழாவில் காட்டினார்கள். ஐம்பது வருஷம் கழித்துத்தான் பெரிய திரையில் தாக்கூரின் கால் இறங்கியது.

வியாபாரமும் சும்மா இருக்காது. 1998இல் ஃபாசில் எடுத்த 'ஹரிகிருஷ்ணன்ஸ்' மலையாளப் படத்தில் மம்மூட்டி, மோகன்லால் இருவரும் ஒரே பெண்ணை விரும்புவார்கள். சில பிரதிகளில் அவள் இவருக்கு, சில பிரதிகளில் அவருக்கு. யார் ரசிகர் எந்த ஊரில் அதிகமோ அதற்குத் தக்க முடிவு. 2010 பிப்ரவரி 26 அன்று கௌதம் மேனன் ஒரே கதையைத் தமிழில் 'விண்ணைத் தாண்டி வருவாயா' என்றும் தெலுங்கில் 'ஏ மாய சேசாவே' என்றும் வெளியிட்டார். தமிழ் ஜெஸ்ஸி இன்னொருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். தெலுங்கு ஜெஸ்ஸி திரும்பி வந்தாள். வேலூருக்கும் சித்தூருக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம். எல்லைச் சாவடியைத் தாண்டினால் காதல் ஜெயித்துவிடும். தமிழில் செய்த சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கும்: அவர்கள் சேர்ந்ததாக அவன் எடுக்கிற சினிமாவில் காட்டிவிட்டு, தியேட்டர் வாசலில் பிரித்துவிட்டார். இரண்டு வகை ரசிகருக்கும் ஒரே டிக்கெட்.

இத்தனை சொன்ன பிறகு என் மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். 1986 தீபாவளிக்கு வந்த பாலசந்தரின் 'புன்னகை மன்னன்'. பையன்களாக நாங்கள் பித்துப்பிடித்துப் பார்த்த படம். காதலர்கள் அருவி உச்சியிலிருந்து குதிக்கிறார்கள், அவள் செத்துப்போக அவன் மட்டும் பிழைக்கிறான். அந்த அதிரப்பள்ளி அருவிக்குத் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இன்றும் 'புன்னகை மன்னன் அருவி' என்றுதான் பெயர். சாகத் துணிந்தவனுக்கு வாழக் கற்றுக்கொடுக்கிறாள் இன்னொருத்தி. ஆட்டம், சிரிப்பு, சாப்ளின் செல்லப்பா, இளையராஜா என்று மனசு கொஞ்சம் கொஞ்சமாக நிறைகிறது. எல்லாம் கூடி வருகிற நேரத்தில் குண்டு வெடித்து இருவரும் போய்விடுகிறார்கள். சோகம் என்பதற்காகக் குறை சொல்லவில்லை. 'மூன்றாம் பிறை'யில் ரயில் நிலையத்து மழையில் அவன் குட்டிக்கரணம் போட்டுக் காட்டுகிறான். அவள் யாரோ பைத்தியம் என்று பார்த்துவிட்டுப் போகிறாள். அதைவிடவா சோகம்? ஆனால் அந்த முடிவு அவள் நினைவு தவறிய அன்றே தொடங்கிவிட்டது. குணமானால் இவனை மறப்பாள் என்பது கதைக்குள்ளேயே நூலாக ஓடுகிறது. 'புன்னகை மன்ன'னின் குண்டு கதைக்கு வெளியிலிருந்து வந்து விழுந்தது. சாவில் தொடங்கியதைச் சாவில் முடிப்பதுதான் வடிவம் என்று பாலசந்தர் ரசிகர்கள் வாதாடுவார்கள். வாதாடட்டும். வாழக் கற்றுக்கொடுத்த இரண்டரை மணி நேரத்துக்கு யார் பதில் சொல்வது?

அமிர்திக்குக் கோடையில் வந்தவர்களுக்கு இந்த ஏமாற்றம் புரியும். 1967இல் அமைத்த வன உயிரினப் பூங்காவைப் பார்த்துவிட்டு, மானையும் மயிலையும் தாண்டி, மரநிழலில் நடையாக நடந்து அருவியைத் தேடிப் போவார்கள். வழி அத்தனை அழகு. கடைசியில் வெறும் பாறை. மழைக்காலத்தில் மட்டும் பெருகுகிற காட்டாறு அது. "இதுக்கா இவ்ளோ தூரம்?" என்று பிள்ளைகள் சிணுங்கும். திரும்பி வரும்போது போன வழியின் அழகும் கண்ணில் படாது. அன்றைக்கு நான் பார்க்கும்போதும் பாறையில் ஈரம்கூட இல்லை. நாலு பையன்கள் அதன்மேல் ஏறி நின்று, பின்னால் தண்ணீர் கொட்டுகிற மாதிரி கைப்பேசியில் ஏதோ செய்து படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். காட்டினார்கள். நன்றாகத்தான் கொட்டியது.

இன்றைய முடிவுகளில் பாதி அப்படித்தான். ஒரு காலத்தில் 'சுபம்' போட்டார்கள். இப்போது 'தொடரும்' போடுகிறார்கள். 'பாகுபலி' 2015இல் கட்டப்பா ஏன் கொன்றான் என்று கேள்வியோடு அனுப்பிவிட்டு, பதிலுக்கு 2017 வரை காக்கவைத்தது. அதிலாவது கேள்வி நன்றாக இருந்தது. 2024இல் 'இந்தியன் 2' முடிந்ததும் 'இந்தியன் 3' முன்னோட்டத்தை ஓட்டினார்கள். சாப்பிட்டு எழுந்தவனிடம் நாளைக்குப் பாயசம் என்று சொல்வது போல. 'விக்ரம்' கடைசியில் ரோலக்ஸ் என்கிற புது வில்லன் வந்து நிற்கிறபோது தியேட்டரே எழுந்து கத்தியது உண்மைதான், நானும் கத்தினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: நான் கத்தியது பார்த்து முடித்த படத்துக்கு இல்லை, இன்னும் எடுக்காத படத்துக்கு.

அந்தப் பேருந்துப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. படம் வந்த அன்று மத்தியானத்துக்குள் முடிவு எப்படி என்று ஆயிரம் பேர் சொல்லிவிடுகிறார்கள். 1999இல் 'சேது' வாங்க ஆளில்லாமல் கிடந்து, மெல்ல வெளியாகி, வாய்வழிச் சொல்லாலேயே எழுந்தது. அந்தப் பாண்டி மடத்து முடிவைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம், "போய்ப் பாரு, சொல்ல மாட்டேன்" என்றுதான் சொன்னார்கள்.

2025 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை. தனுஷ் நடித்து 2013இல் வந்த இந்திப் படம் 'ராஞ்சனா'. தமிழில் அதன் பெயர் 'அம்பிகாபதி'. ஆனந்த் எல். ராய் இயக்கியது. காசி நகரத்துப் பையன் குந்தன், எட்டாத காதலுக்காகக் கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில் சாகிறான். உரிமை வைத்திருந்த ஈராஸ் நிறுவனம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அந்த முடிவை மாற்றித் தமிழ்ப் பிரதியை மறுபடி திரையிட்டது. செத்தவன் கண் திறக்கிறான். இயக்குநர் எதிர்த்தார். தான் மறுத்தும் கேட்காமல் செய்ததாகவும், படத்தின் ஆன்மாவையே உருவிவிட்டதாகவும் தனுஷ் அறிக்கை விட்டார். உரிமை எங்களுடையது, பழைய பிரதியும் இருக்கிறதே என்றது நிறுவனம்.

சட்டம் யார் பக்கமோ, எனக்குச் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தது படத்தின் பெயரால். அம்பிகாபதி யார்? கம்பன் மகன். அரசன் மகள் அமராவதியைக் காதலித்தவன். சிற்றின்பம் கலவாமல் நூறு பாட்டுப் பாடினால் அவள் உனக்கு என்கிறான் அரசன். இவன் பாடுகிறான். அவள் திரைக்குப் பின்னால் எண்ணுகிறாள். காப்புப் பாட்டையும் கணக்கில் சேர்த்துவிட்டு, நூறு முடிந்ததென்று எட்டிப் பார்க்கிறாள். பாடியது தொண்ணூற்றொன்பதுதான். அவளைக் கண்டதும் அவன் வாயில் காதல் வந்துவிடுகிறது, தலை போகிறது. பாகவதர் 1937இலும் சிவாஜி 1957இலும் அந்த வேடத்தில் செத்துக் காட்டினார்கள். அந்தப் பெயரை ஒரு படத்துக்கு வைத்தவர்கள் முதல் காட்சியிலேயே முடிவைச் சொல்லிவிட்டார்கள். கர்ணன் விழுவான் என்று தெரிந்து உட்கார்ந்த கூத்துச் சனம் போல, தமிழ் ரசிகன் அந்தத் தலைப்பின் கீழ் உட்கார்ந்தான். அவனுக்குப் போய்க் கணினி நூறாவது பாட்டைப் பாடிக் காட்டியது.

முடிவைத் திருத்துவதே பாவம் என்றால் சித்தப்பாவும் பாவிதான். அவர் பார்த்த படம் 'பாசம்'. பட்டணத்தில் ஓடி ஓய்ந்து வெகுநாள் கழித்து அடிவாரத்துக் கொட்டாய்க்கு வந்தது. கடைசி ரீல் ஓடிக்கொண்டிருக்கும்போது பிலிம் அறுந்தது. ஒட்டினார்கள், மறுபடி அறுந்தது. அப்புறம் ஜெனரேட்டரும் நின்றது. பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கொஞ்ச நேரம் கூச்சல், பிறகு எல்லோரும் நடந்துவிட்டார்கள். எம்.ஜி.ஆர். அடிபட்டுக் கிடக்கிறார், அதற்கு மேல் தெரியாது. அந்த நடையில் சித்தப்பா அவரைப் பிழைக்க வைத்தார். எங்களுக்கு அந்தக் கதையை எத்தனையோ ராத்திரி சொல்லியிருக்கிறார். ஒரு நாள் வைத்தியர் வந்து பச்சிலை கட்டுவார். ஒரு நாள் அம்மா மடியில் போட்டுக்கொண்டு அழ, கண்ணீர் பட்டுக் கண் திறப்பார். நெல் நன்றாக விளைந்த வருஷத்தில் கல்யாணமும் உண்டு.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். சித்தப்பாவைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்தோம். பாட்டுக்கெல்லாம் தொடையில் தாளம் போட்டார். அறுந்த இடம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "இதோ, இங்கதான்டா," என்றார். படம் அறுபடாமல் ஓடியது. எம்.ஜி.ஆர். செத்தார்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இன்னாடா இது, இவனுங்க வேற எதையோ சேத்து ஒட்டிட்டானுங்க," என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார்.